எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது?

"வாயைத் திறந்தால் கெட்டிக்காரன். புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் வராது." தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலரிடம் கேட்கக்கூடிய குறை இது. கதை சொன்னால் ஒருமுறை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறான். உணவங்காடியில் மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்குகிறான். ஆனால், நேற்று பத்து முறை எழுதிய சொல் இன்று அவனுக்குப் புதுச் சொல். வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான்.

இத்தகைய பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் மூன்று பட்டங்களில் ஒன்று காத்திருக்கிறது: மக்கு, சோம்பேறி, கவனம் இல்லாதவன். அடுத்து, துணைப்பாட வகுப்பு. ஒன்று போதவில்லை என்றால் இரண்டு. விளையாட்டு நேரம் போகிறது, தொலைக்காட்சி நேரம் போகிறது, சில வீடுகளில் அடியும் விழுகிறது. மதிப்பெண் மட்டும் ஏறுவதில்லை. ஒன்பது பத்து வயதில் அந்தப் பிள்ளையே "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவுதான் இதில் மிகப் பெரிய இழப்பு.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. ஆய்வாளர்களின் கணிப்புப்படி, நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு மணி நேரம் நடத்துவதால் பலன் குறைவு. வேறு முறையில் நடத்த வேண்டும். அந்த முறை என்ன என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்திதான்.

குறை எங்கே இருக்கிறது?

1896-ஆம் ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் பிரிங்கிள் மோர்கன் தம்மிடம் வந்த 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். பெர்சி என்ற அந்தச் சிறுவனுக்குப் பார்வையில் குறையில்லை. அறிவிலும் குறையில்லை, கணக்கு நன்றாக வந்தது. ஆனால், பல ஆண்டுகள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார்.

அந்தக் காலத்தில் இதற்குச் "சொற்குருடு" என்று பெயர். கோளாறு பார்வை சார்ந்தது என்று நினைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், பெரும்பாலான பிள்ளைகளிடம் சிக்கல் கண்ணில் இல்லை, பேச்சொலியைக் கையாளும் மூளைப் பகுதியில் இருக்கிறது என்று காட்டின.

மனிதன் பேசத் தொடங்கி மிக நீண்ட காலம் ஆகிறது. எழுதத் தொடங்கி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சைப் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்கிறது. வாசிப்பை ஒருவர் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். வாசிப்பதற்கு முதல் தேவை, ஒரு சொல் சிறுசிறு ஒலிகளால் ஆனது என்ற உணர்வு. "பால்" என்று சொல்லும்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் ப், ஆ, ல் என மூன்று ஒலிகள் இருக்கின்றன. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கேட்கின்றன. ஒலியைப் பிரிக்க முடியாதபோது, அதற்கு உரிய எழுத்தை எப்படிப் பொருத்துவது? எனவே அந்தப் பிள்ளை முழுச் சொல்லையும் ஒரு படம்போல மனத்தில் வைக்கப் பார்க்கிறது. சொற்கள் பெருகப் பெருக, படங்கள் குழம்பிவிடுகின்றன.

இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. "அப்பாவுக்கும் சின்ன வயதில் படிப்பு ஏறவில்லை" என்று வீட்டில் சொல்லப்படும் பேச்சுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் பெயர் தெரியாமல் போன இதே சிக்கல் இருந்திருக்கலாம். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ தமக்கு லேசான டிஸ்லெக்சியா இருப்பதை 1990-களில் வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரே பெயரில் அடங்காத சிக்கல்கள்

மொழி சார்ந்த கற்றல் குறைபாடுகள் பல வகை. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தடுமாறுவது டிஸ்லெக்சியா. சிந்தனை தெளிவாக இருந்தும் அதை எழுத்தில் இறக்கத் திணறுவது டிஸ்கிராஃபியா.

மூன்றாவது ஒன்று, அதிகம் பேசப்படாதது: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இப்பெயரை ஏற்றுக்கொண்டார்கள். இதில் சிக்கல் பேச்சிலேயே தொடங்குகிறது. பிள்ளை நீண்ட வாக்கியத்தைப் பின்தொடர முடியாமல் விட்டுவிடும். நடந்ததை வரிசையாகச் சொல்லத் திணறும். சில பிள்ளைகள் எழுத்துகளைக் கூட்டிச் சரளமாக வாசித்துவிடுவார்கள். வாசித்ததன் பொருள் மட்டும் பிடிபடாது. "நன்றாகத்தானே வாசிக்கிறான்" என்று ஆசிரியர் நினைத்துவிடுவதால், இவர்கள் கண்ணில் படாமலே போகிறார்கள். இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று, நூற்றில் ஏழு பிள்ளைகளுக்கு இது இருப்பதாகக் காட்டியது.

இவற்றைப் பிரித்து அறிவது ஏன் முக்கியம்? மருந்து வேறு வேறு என்பதால்தான். டிஸ்லெக்சியா பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைக்கக் கற்றுத்தர வேண்டும். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சொல்வளத்தையும் வாக்கியத்தையும் பேச்சிலேயே வளர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இரண்டும் தேவை.

கற்பிக்கும் முறை

1920-களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து ஆசிரியை அன்னா கில்லிங்ஹாம் 1930-களில் ஒரு பாடமுறையை உருவாக்கினார். ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை என்று அழைக்கப்படும் அதன் வழியில்தான் இன்றும் பல நாடுகளில் டிஸ்லெக்சியா வகுப்புகள் நடக்கின்றன.

அதன் அடிப்படை மிக எளிது. எதையும் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எளியதிலிருந்து கடினமானதற்கு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படி உறுதியாகும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஒரு பாடவேளை பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில், ஏற்கெனவே படித்த எழுத்து அட்டைகளைக் காட்டி ஒலியைச் சொல்ல வைப்பார் ஆசிரியர். பிறகு எழுத்து இல்லாமல் ஒலி விளையாட்டு: ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை ஒலி, முதல் ஒலி எது, அதை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று கேட்பார். அதன்பின் புதிய எழுத்து ஒன்று, ஒன்றே ஒன்று. பிள்ளை அதைப் பார்க்கும், ஒலியை வாய்விட்டுச் சொல்லும், சொல்லிக்கொண்டே மணல் தட்டிலோ சொரசொரப்பான துணியிலோ விரலால் எழுதும். அந்த எழுத்து வரும் சொற்களைக் கூட்டி வாசிக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதும். கடைசியாக, இதுவரை படித்த எழுத்துகள் மட்டுமே வரும் சிறு வாக்கியங்களை வாசிக்கும். படிக்காத எழுத்து அதில் வராது. எனவே ஊகிக்க வேண்டிய தேவையும் வராது.

பலரும் கவனிப்பது மணலையும் வண்ண அட்டைகளையும்தான். ஆனால், ஆய்வுகள் உறுதியாக ஆதரிப்பது ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிப்பதை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் இந்த முறைக்குப் பலன் உண்டு என்று முடிவுக்கு வந்தது. மற்றவை துணைக் கருவிகள்.

"பத்து முறை எழுது" என்ற பழைய தண்டனை ஏன் வேலை செய்வதில்லை என்பதும் இதனால் விளங்கும். ஒலியோடு சேர்க்காமல் எழுதும்போது பிள்ளை எழுத்தை வரைகிறதே ஒழிய, எழுதுவதில்லை. மூன்றாவது வரியில் ஓர் எழுத்து மாறிவிட்டால், மீதி ஏழு முறையும் தவறையே பழகுகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள், கண் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா குணமாகும் என்று சொல்லிப் பெருந்தொகை வாங்குவோர் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், இவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறின. கண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால், வாசிப்புக்கு மருந்து வாசிப்புப் பாடம்.

தமிழ் எழுத்தில் எளிது எது, கடினம் எது?

ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு சிக்கலானது. "தோ", "த்ரூ", "கஃப்" என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டது. பள்ளியில் முதலாண்டு முடிவில் பின்லாந்து, கிரேக்கப் பிள்ளைகள் எளிய சொற்களை ஏறக்குறைய முழுமையாகச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் சரியாக வாசித்தார்கள்.

மலாய் மொழி எழுத்து பின்லாந்து மொழியைப்போல் நேரானது. தமிழும் பெரும்பாலும் நேரானதே. எனவே ஒரே பிள்ளை ஆங்கிலத்தில் தவறாக வாசிப்பதும், தமிழிலும் மலாயிலும் சரியாக, ஆனால் மிக மெதுவாக வாசிப்பதும் நடக்கக்கூடியதுதான். "தமிழில் தப்பில்லாமல் வாசிக்கிறாளே" என்று விட்டுவிடக் கூடாது. எவ்வளவு நேரம் எடுக்கிறாள், வாசித்து முடிக்கும்போது எவ்வளவு களைத்துப்போகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழுக்கென்று சில மேடுபள்ளங்களும் உண்டு. எழுத்துகள் மொத்தம் 247. கல், கால், கொடு, கோடு என்று குறிலும் நெடிலும் பொருளை மாற்றுகின்றன. "கொ" என்று எழுதும்போது ஓசையில் பின்னால் வரும் உயிருக்கு உரிய குறி, எழுத்தில் க-வின் இரு பக்கமும் நிற்கிறது. ஆகாரக் குறி எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான். உகரமோ கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. ல, ள, ழ என்பவற்றைப் பேச்சில் பலரும் வேறுபடுத்துவதில்லை. "வந்துட்டாங்க" என்று வீட்டில் கேட்பது, புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று நிற்கிறது.

இவற்றையெல்லாம் 247 தனித்தனி உருவங்களாக மனப்பாடம் செய்யச் சொன்னால் டிஸ்லெக்சியா பிள்ளை நிலைகுலைந்துபோகும். ஆனால், தமிழ் இலக்கணமே ஆசிரியர் கையில் ஒரு திறவுகோலைத் தந்திருக்கிறது. உயிர், மெய், உயிர்மெய் என்ற பெயர்கள் சொல்வது வேறென்ன? க் என்ற மெய்யோடு ஆ என்ற உயிர் சேர்ந்தால் கா. 12 உயிர், 18 மெய், அவை சேரும் முறை ஆகியவற்றைப் பிள்ளை ஒலியாக உணர்ந்துகொண்டால், 216 உயிர்மெய்யும் கணக்குப் போடுவதுபோல வந்துவிடும். உகரம்போல வடிவம் மாறுபவற்றைத் தனிக் குடும்பமாக, பின்னால் கற்பிக்கலாம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். ஓசையும் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்த அந்தப் பழக்கம் இன்றைய சிறப்பு வகுப்புக்குப் புதியதல்ல.

தமிழை விட்டுவிடலாமா?

பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று தெரிந்தவுடன் பெற்றோர் மனத்தில் எழும் முதல் கேள்வி இது. "ஒரு மொழியே வரவில்லை, இரண்டு மூன்று எதற்கு?" என்று உறவினர்களும் சொல்வார்கள்.

பல மொழி பேசும் வீட்டில் வளர்வதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. மொழிக் குறைபாடும் வருவதில்லை. ஒரு மொழியை நிறுத்திவிட்டால் இன்னொன்றில் உள்ள சிக்கல் தீர்ந்துவிடுவதும் இல்லை. தேர்வுக்கான தமிழ்ப் பாடச் சுமையைக் குறைப்பது பற்றியோ, சிங்கப்பூரில் தாய்மொழிப் பாட விலக்குக் கேட்பது பற்றியோ பள்ளியுடன் பேசி, அந்தப் பிள்ளையின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால், தேர்வுத் தாள் வேறு, வீட்டுப் பேச்சு வேறு. பாட்டி சொல்லும் கதை, அம்மாவோடு சமையலறைப் பேச்சு, வானொலி நாடகம் எல்லாம் பிள்ளையின் சொல்வளத்தை வளர்ப்பவை. எழுத்து தடுக்கும் பிள்ளைக்கு அறிவு வந்துசேரும் பெரிய வாசல் காதுதான். வீட்டுமொழியை நிறுத்துவது அந்த வாசலைச் சாத்துவதாகும்.

உதவி எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1-இல் சேரும் மாணவர்களின் ஆங்கில அடிப்படை சோதிக்கப்படுகிறது. பின்தங்கியவர்களுக்குக் கற்றல் ஆதரவுத் திட்டத்தின்கீழ் நாள்தோறும் சிறு குழுவில் பாடம் நடக்கிறது. அதன் பிறகும் திணறுவோர் டிஸ்லெக்சியா உள்ளதா என்று பரிசோதிக்கப்படுகிறார்கள். அவர்களுக்காகத் தொடக்கநிலை 3, 4-இல் பள்ளியிலேயே நடக்கும் டிஸ்லெக்சியா சீரமைப்புத் திட்டம் 2012-இல் 20 பள்ளிகளில் தொடங்கி, 2016-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. 1991-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் பரிசோதனையும் வகுப்புகளும் நடத்துகிறது. கட்டணச் சுமை உள்ள குடும்பங்கள் நிதி உதவி பற்றிக் கேட்கலாம். தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளிவழி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மலேசியாவில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் உள்ளது. உடற்குறையுடையோர் சட்டம் 2008-இல் வந்தது. டிஸ்லெக்சியா, கற்றல் குறைபாடு என்ற பிரிவில் சேர்கிறது. மருத்துவர் உறுதிப்படுத்திய பின் சமூக நல இலாகாவில் பதிவு செய்துகொள்ளலாம். சிறப்புக் கல்வி வகுப்புகள் தேசியப் பள்ளிகளில் மட்டுமின்றிச் சில தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ளன. "அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமே" என்று தயங்குவோர் பலர். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். "மக்கு" என்பதும் முத்திரைதான். அதைக் காட்டி எந்த உதவியும் கிடைக்காது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவை

சிறப்பு வகுப்பு வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரம் பிள்ளை சாதாரண வகுப்பில்தான் இருக்கிறது. அங்கே ஆசிரியர் செய்யக்கூடியவை சில, செலவில்லாதவை. முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருக்கலாம். பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சுத் தாள் தரலாம். அறிவியல் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டலாம். விடை சரியென்றால் எழுத்துப்பிழைக்காக மதிப்பெண் குறைக்காமல் இருக்கலாம். நீண்ட கட்டளையை இரண்டு மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

பாலர் பள்ளியிலேயே சில அடையாளங்கள் தெரியும். பேச்சு தாமதமாக வருவது, எதுகை விளையாட்டு பிடிபடாதது, சொல்லைக் கைதட்டிப் பிரிக்கத் தெரியாதது, எழுத்துப் பெயர்கள் நினைவில் நிற்காதது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இதே சிக்கல் இருப்பது. ஆங்கிலத்தில் சின்ன "பி"யையும் "டி"யையும் மாற்றி எழுதுவது மட்டும் அடையாளமாகாது. ஆறு ஏழு வயதுவரை பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. முதல் இரண்டு ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சி, பிறகு தொடங்குவதைவிட அதிகப் பலன் தருகிறது.

வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளையின் அளவுக்கு எளிய புத்தகத்தை அதுவே வாசிக்கட்டும். அதன் அறிவுக்கு ஏற்ற நல்ல புத்தகத்தைப் பெற்றோர் வாசித்துக் காட்டட்டும். இரண்டையும் குழப்பக் கூடாது. வாசிப்பு மெதுவாக இருப்பதால் சிந்தனையும் குழந்தைத்தனமாக இருக்க வேண்டியதில்லை.

டிஸ்லெக்சியா முற்றாக மறைந்துவிடுவதில்லை. நல்ல பயிற்சி பெற்றவர்களும் பெரியவர்களான பிறகு சற்று மெதுவாகவே வாசிக்கலாம். கடிதம் எழுதினால் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கலாம். ஆனால், அவர்கள் வாசிப்பார்கள். துணைப்பாடத்துக்கு இன்னொரு வகுப்பைத் தேடுவதற்கு முன்னால், வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது: "என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, ஒலியிலா, எழுத்திலா, பொருளிலா?" அதற்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், முறையான பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுமாறு பள்ளியிடம் கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.